மழை ஒரு மாவட்டத்தில், வெள்ளம் இன்னொரு மாவட்டத்தில்

துறையூரிலிருந்து உப்பிலியபுரம் வழியாகப் போகும் சாலை கொல்லிமலையின் காலடியில் முட்டி நின்றுவிடுகிறது. அதுதான் புளியஞ்சோலை. அங்கிருந்து மலை ஏற வேண்டுமானால் நடைதான். மேலே அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டி ஓடும் அய்யாறு, ஆகாய கங்கை அருவியாக விழுந்து, காட்டுக்குள்ளும் பாறை இடுக்கிலும் இறங்கி இங்கே வந்து சமவெளியைத் தொடுகிறது. கோயில் இருப்பது நாமக்கல் மாவட்டம். சோலை இருப்பது திருச்சி மாவட்டம். கோடை வெயிலுக்கு ஒதுங்கும் குடும்பங்களுக்கு இந்த எல்லைக்கோடு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கைக்குழந்தையோடு அந்த ஆற்றில் இறங்குபவருக்கு அதைவிட முக்கியமான செய்தி வேறில்லை என்பேன்.

காரணம் எளிது. மழை மேலே பெய்கிறது, வெள்ளம் கீழே வருகிறது. மலைத்தலை ஆயிரம் மீட்டருக்கு மேல். அந்த உயரத்திலிருந்து தண்ணீர் இறங்கக் கிடைக்கும் தூரம் சில கிலோமீட்டர்தான். மண் ஆழமில்லாத பாறைச் சரிவு மழையை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. வாங்கியதை அப்படியே ஓடையில் கொட்டிவிடும். மேலே ஒரு மணி நேரம் இடியோடு பெய்தால் போதும். கீழே பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு எழும்பிவிடும். காட்டாற்றின் குணமே அதுதான். தஞ்சைப் பக்கத்துக் குழந்தைக்குத் தெரிந்த ஆறு இப்படிப்பட்டதல்ல. மேட்டூரில் திறந்தால் கல்லணைக்கு வர நாள்கணக்காகும். தண்டோராவோ ஒலிபெருக்கியோ முன்னால் வரும், தண்ணீர் பின்னால் வரும். அய்யாற்றில் தண்ணீர்தான் தண்டோரா.

ஆற்றோரத்தில் வாழ்பவர்கள் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள். பளிங்குபோல் கூழாங்கல் தெரிய ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் லேசாகக் கலங்கும். சருகும் சுள்ளியும் வழக்கத்தைவிடக் கூடுதலாக மிதந்து வரும். நுரை திரளும். பேச்சுக்குக் குறுக்கே வராமல் ஓடிக்கொண்டிருந்த ஆற்றின் சத்தம் கொஞ்சம் கனக்கும். இதில் எது கண்ணில் பட்டாலும், "தண்ணி வருது, ஏறு" என்பதுதான் பேச்சு. ஏன், எவ்வளவு என்றெல்லாம் கேள்வி கிடையாது. சென்னையிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ வேன் பிடித்து வந்தவருக்கு இந்த எழுத்து புரியாது. அவர் வானத்தைப் பார்ப்பார். வானம் நீலமாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் கண்ணில் படும் காட்சியைச் சொல்கிறேன். பாறைமேல் புளிசாதத் தூக்கு, எண்ணெய்க் கிண்ணம், கிழித்துப் போட்ட சீயக்காய்ப் பாக்கெட். ஆண்கள் இடுப்பளவில். தாய்மார்கள் கரையோரம் முழங்காலளவில். மூன்று வயதுப் பிள்ளை, "ஆழம் இல்ல, ஒண்ணும் ஆகாது" என்று கணுக்காலளவுத் தண்ணீரில் உட்கார வைக்கப்பட்டிருக்கும், கையில் ஒரு பிளாஸ்டிக் டம்ளரோடு. எல்லாரும் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும். கொஞ்சம் கவனித்தால் தெரியும், ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்துக்கொள்கிறார் என்ற நம்பிக்கையில் இருக்கிறார். ஐந்து பேர் சூழ்ந்த குழந்தையை யாருமே பார்க்காத நிமிடங்கள் உண்டு. அத்தை, சித்தி, தாத்தா என்று உறவு பெருகப் பெருக இந்த நிமிடங்களும் பெருகுகின்றன.

கணுக்கால் அளவுத் தண்ணீர் யாருக்குக் கணுக்கால் என்பது அடுத்த கேள்வி. ஓடும் தண்ணீரில் மனிதர் எப்போது நிலைதடுமாறுகிறார் என்பதை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக நீர் ஆய்வுக்கூடத்தினர் 2010-இல் தொகுத்தார்கள். பல நாட்டுச் சோதனைகளைத் திரட்டி அவர்கள் சொன்ன கணக்கு இது: தண்ணீரின் ஆழத்தை மீட்டரிலும், அதன் வேகத்தை வினாடிக்கு மீட்டரிலும் எடுத்துப் பெருக்குங்கள். விடை 0.6-ஐத் தாண்டினால் நல்ல உடம்புள்ள பெரியவருக்கே ஆபத்து தொடங்குகிறது. முழங்காலளவு, அதாவது அரை மீட்டர் ஆழத்தில், நாம் நிதானமாக நடக்கும் வேகத்தில், வினாடிக்கு 1.2 மீட்டராகத் தண்ணீர் ஓடினாலே அந்த எண் வந்துவிடும். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு எல்லை 0.4. சின்னஞ்சிறு குழந்தைக்கு? உயரத்தை மீட்டரிலும் எடையைக் கிலோவிலும் பெருக்கி 25-க்குள் வரும் குழந்தைக்கு அவர்கள் எல்லையே தரவில்லை. எந்த ஓட்டமும் உச்ச ஆபத்து என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஒரு மீட்டர் உயரம், பதினைந்து கிலோ எடை உள்ள நாலு வயதுப் பிள்ளையின் பெருக்கம் பதினைந்து. நம் ஊரில் ஏழெட்டு வயது வரைக்கும் பெரும்பாலான பிள்ளைகள் இந்த வரிக்குள்தான் அடங்குவார்கள்.

இந்தக் கணக்கைப் படித்த பிறகு 'ஆழமில்லை' என்ற சொல்லை நான் நம்புவதில்லை. வேகம் இரு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. குழந்தையின் உடம்பில் தலை கனம், கால் லேசு. பாசி படிந்த பாறையில் கால் ஒருமுறை வழுக்கினால் பிறகு எழுந்து நிற்பது அதன் கையில் இல்லை. கத்திக் கூப்பிடும் என்பதும் சினிமாவில்தான். மூச்சுக்குத் திணறும் வாய்க்குக் குரல் வராது. சத்தமில்லாமல் முடிந்துவிடுகிறது, சில நிமிடங்கள்தான்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததைப் பலர் கைப்பேசியில் பார்த்திருப்பார்கள். கோடை மழைக்கு மேற்கு மலையில் சட்டென்று பெருகிய வெள்ளம் அருவியிலும் படிக்கட்டிலும் புரண்டு வந்தது. ஒரு வாய்க்கால் அளவாக இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறானது. பதினேழு வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். அந்தக் காணொளியில் என் கண் நின்ற இடம் வேறு: பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடும் பெரியவர்கள். எந்தக் கையில் எந்தப் பிள்ளை என்ற முன்யோசனைக்கு அங்கே நேரமில்லை. குற்றாலம் பேரருவியில் பாதுகாப்பு வளைவு என்று ஒன்று உண்டு. அதைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை என்பது அந்த ஊரில் பால்காரருக்கும் தெரிந்த சட்டம். கண்ணால் பார்க்கும் அளவுகோல், படிப்பு தேவையில்லை. புளியஞ்சோலையிலும் தண்ணீர் கூடினால் வனத்துறை குளிக்கத் தடை போடுகிறது. தடை போடும் நேரத்துக்கும் தண்ணீர் கூடும் நேரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் இங்கே குழந்தைகளின் இடம்.

சுற்றுலா வரும் குழந்தையைப் பற்றி இவ்வளவு பேசினாலும், கணக்கு வேறு பக்கம் கை காட்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் நீரில் மூழ்கும் சாவுகள் குறித்துத் தன் முதல் உலக நிலை அறிக்கையை வெளியிட்டது. 2021-இல் மட்டும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. பத்தில் ஒன்பதுக்கு மேல் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். நம் நாட்டில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 35 ஆயிரத்துக்கு மேல் வருகிறது. இப்படி மூழ்கிய குழந்தைகளில் பெரும்பாலோர் அருவிக்குப் போனவர்கள் இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டையில், வாய்க்காலில், மழைக்கு நிறைந்த பள்ளத்தில், சில சமயம் வாளியில் இறந்தவர்கள். துறையூர்ப் பக்கத்துக் காடுகளை நினைத்துப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, பண்ணைக்குட்டை, கைவிட்ட கல்குவாரி, தடுப்பணை, செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழி. ஐப்பசி கார்த்திகையில் இவையெல்லாம் ஒரே மட்டமாக நிறைந்து, எது தரை எது குழி என்று தெரியாமல் பளபளக்கும். நேற்று வரை அந்தப் பள்ளத்தில்தான் பிள்ளை விளையாடியிருக்கும். அதன் நினைவில் அது இன்னும் பள்ளம்தான்.

2019 அக்டோபர் இறுதியில், இதே திருச்சி மாவட்டத்தில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை மூடாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. ஏறக்குறைய எண்பது மணி நேரம் தமிழ்நாடே தொலைக்காட்சி முன்னால் விழித்திருந்தது. அந்த மீட்புப் பணியின் நேரலையைப் பெற்றோர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தூத்துக்குடியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று குளியலறைத் தண்ணீரில் மூழ்கி இறந்தது என்று செய்தி வந்தது. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஊரே பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் அவர்களும் பார்த்தார்கள். நான் அந்தச் செய்தியை இன்றும் மறக்காததற்குக் காரணம், சின்னக் குழந்தையின் பாதுகாப்பு என்பது கடைசியில் ஒரு ஜோடிக் கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில் வந்து நிற்கிறது என்று அது காட்டிவிட்டது. வேலி, மூடி, கயிறு எல்லாம் அந்தக் கண் திரும்பும் நிமிடத்துக்கான மாற்று ஏற்பாடுகள்.

நம் பாட்டிமாருக்கு இது தெரிந்திருந்தது. தவழும் பிள்ளைக்குக் கொலுசும் மணி கோத்த தண்டையும் போட்டது அழகுக்கு மட்டுமா? அடுப்படியில் குனிந்திருக்கும் தாய்க்குக் காது வழியே ஒரு கண். மணிச் சத்தம் வாசல் பக்கம் நகர்ந்தால் நிமிர்ந்து பார்ப்பாள்; சத்தமே இல்லாவிட்டால் எழுந்து ஓடுவாள். இந்த ஏற்பாட்டுக்கு ஒரே ஒரு எதிரி உண்டு. ஓட்டிலும் தகரத்திலும் மழை அடிக்கும்போது கொலுசு கேட்காது. குழந்தைக்கு ஆபத்து மிகுந்த அதே மணி நேரத்தில் அந்தக் காவல் செத்துவிடுகிறது.

வங்கதேசத்தில் இந்தக் காவலை ஆராய்ச்சியாகவே செய்தார்கள். குளமும் வாய்க்காலும் வீட்டுக்கு வீடு உள்ள நாடு அது. எந்த இடத்தில், எந்த நேரத்தில் பிள்ளைகள் மூழ்குகிறார்கள் என்று பார்த்தபோது, வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள்ளேயே, காலை ஒன்பது முதல் மதியம் ஒரு மணிக்குள்ளேயே பெரும்பாலானவை நடந்திருந்தன. தாய் சமையலிலும் வயல் வேலையிலும் இருக்கும் நேரம். எனவே ஊருக்குள் ஒரு வீட்டையே எடுத்து, அந்த நான்கு மணி நேரம் ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளைப் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் பார்வையில் உட்கார வைத்தார்கள். மூழ்கிச் சாவது எண்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. ஒரு மதிலும் கட்டவில்லை, ஒரு கருவியும் வாங்கவில்லை. அந்த மையங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆஞ்சல்'. வங்காள மொழியில் சேலை முந்தானை என்று பொருள்.

இதைப் படிக்கும் தமிழருக்கு இது எங்கோ பார்த்த வீடாகத் தெரிய வேண்டும். நம்மிடம் பால்வாடி இருக்கிறது. காகிதத்தில் அங்கன்வாடி, ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கு மேல் மையங்கள். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்ததும் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில்தான். பள்ளிப் பிள்ளைகளோடு பால்வாடிப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே அன்று சோறு போடப்பட்டது. சோறு, எடை, தடுப்பூசி என்றுதான் அதன் பயனை இன்று வரை எண்ணுகிறோம். காலையிலிருந்து மதியம் வரை ஒரு டீச்சரும் ஓர் ஆயாவும் இருபது பிள்ளைகளைக் கண்ணெதிரே வைத்திருக்கிறார்கள் என்ற ஒன்று எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அந்தப் பதிவேட்டுக்கு ஒரு பத்தி கூடுதலாகக் கேட்டால் ஆயாக்கள் என்னைச் சபிப்பார்கள், அது வேறு.

ஆனால் மழை வந்தால் நாம் முதலில் செய்வது என்ன? விடுமுறை. மாவட்ட ஆட்சியர் காலை ஆறு மணிக்கு அறிவிக்கிறார். கனமழையென்றால் பெரும்பாலும் பள்ளியோடு பால்வாடியும் சேர்ந்து மூடப்படுகிறது. பிள்ளை மழையில் நனைந்து ஓடை தாண்டி வர வேண்டாம் என்ற எண்ணம் நியாயமானதே. அதே நாளில் அப்பாவுக்கு விடுமுறை உண்டா? பாக்குத் தோப்பிலோ வெங்காயக் காட்டிலோ கூலிக்குப் போகும் அம்மாவுக்கு? மழை விட்டதும் அவர்கள் வேலைக்குப் போவார்கள். பத்து வயது அக்கா நாலு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்வாள், அதாவது இருவரும் சேர்ந்து புதுத்தண்ணீர் பார்க்கப் போவார்கள். வருடம் பூராவும் பார்வையில் இருந்த பிள்ளை, தண்ணீர் பெருகிய அந்த ஒரு நாள் பார்த்து வெளியே விடப்படுகிறது. புளியஞ்சோலையில் இதோடு ஒரு வேடிக்கையும் சேர்கிறது. நாமக்கல் ஆட்சியர் கொல்லிமலை மழைக்கு விடுமுறை விடுவார். அந்த மழையின் தண்ணீர் வந்து சேரும் திருச்சி மாவட்டத்தில் அன்று வழக்கமான வெயில் நாள்.

மையம் திறந்திருந்தால் போதும் என்றும் சொல்லவில்லை. அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். 2014 அக்டோபர் 29 காலையில் இலங்கை பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தேயிலைத் தோட்ட லயன்கள் மண்சரிவில் புதைந்தன. மலையகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த வரிசை வீடுகள். பள்ளிக்குக் கிளம்பிப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடு இல்லை. 2024 டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை அடிவாரத்தில் பாறையும் மண்ணும் சரிந்து வீட்டுக்குள் இருந்த ஏழு பேர் இறந்தார்கள். ஐவர் குழந்தைகள். 'வெளியே போகாதே, வீட்டுக்குள் இரு' என்பது எல்லா மலையடிவாரத்துக்கும் பொருந்துகிற புத்தியல்ல. ஊர் ஊராக, ஓடைக்கு எந்தப் பக்கம், சரிவுக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்து, மேட்டில் உள்ள பால்வாடியை மழை நாளில் திறந்தும், குறுக்கே ஓடையைத் தாண்ட வேண்டிய மையத்தை மூடியும் வைக்க வேண்டும். மாவட்டம் முழுவதற்கும் ஒரே உத்தரவு போடுவது எளிது என்பதால்தான் அப்படிப் போடுகிறோம்.

இன்னோர் ஓட்டையும் உண்டு. பால்வாடியில் முன்பருவக் கல்விக்குப் பிள்ளை வந்து உட்காருவது இரண்டு வயதுக்குமேல். நடை பழகி, எங்கும் போகத் தெரிந்து, எதுவும் புரியாத ஒன்றரை வயதுதான் மிக ஆபத்தான வயது. அந்த வயதுக்கு நம்மிடம் தூளியும் பாட்டியும் மட்டுமே. நூறு நாள் வேலைச் சட்டம் 2005-இல் வந்தபோது, வேலை நடக்கும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ளவே அமர்த்தி முழுக் கூலியும் தர வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். பிள்ளை பார்ப்பதும் வேலைதான் என்று அரசாங்கச் சட்டம் ஒப்புக்கொண்ட அபூர்வமான வரி அது. ஏரி தூர்வாரும் இடத்தில் கரையில் ஒரு மரத்தடியில் சேலைத் தூளியும், அதை ஆட்டியபடி ஒரு கிழவியும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், அது கருணையல்ல, சட்டம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தண்ணீரிலிருந்து எடுத்த குழந்தையை என்ன செய்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலைகீழாகத் தூக்கிப் பிடிப்பது, தலைமேல் வைத்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவது. இவ்வளவும் பாசத்தில் செய்வது, இவ்வளவும் தவறு. வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது மேலே வந்து மூச்சுக்குழலை அடைக்கும்; தலைகீழாகத் தொங்கவிடும் ஒவ்வொரு வினாடியும் மூளைக்குக் காற்றில்லாத வினாடி. மூழ்கிய குழந்தைக்கு முதலில் வேண்டியது மூச்சு. மல்லாக்கப் படுக்க வைத்து, முகவாயை லேசாக உயர்த்தி, வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். கைக்குழந்தையானால் மூக்கையும் வாயையும் சேர்த்து நம் வாயால் மூடி ஊத வேண்டும். நெஞ்சு உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவே அழுத்தம். இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். துறையூரிலிருந்து வண்டி வந்து சேரும்வரை குழந்தைக்கு உயிர் கொடுக்க வேண்டியவர் பாறைமேல் நிற்கும் பஜ்ஜிக் கடைக்காரரோ மாங்காய் விற்கும் அக்காவோதான். பயிற்சி தர வேண்டுமென்றால் அவர்களிடமிருந்து தொடங்கலாம்.

எச்சரிக்கைக் கருவிகள் இல்லாமல் இல்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை 2020 அக்டோபரில் தெற்காசியாவுக்கான திடீர் வெள்ள வழிகாட்டி அமைப்பைத் தொடங்கியது. அடுத்த ஆறு மணி நேரத்துக்கான அபாயத்தை நீர்ப்பிடிப்புப் பகுதி வாரியாகச் சொல்லும். மாவட்ட எல்லையை மறந்துவிட்டு மலைச் சரிவை ஓர் அலகாகப் பார்க்கிறது என்பதால் அது எனக்குப் பிடித்த ஏற்பாடு. மாநில அரசின் 'டிஎன் அலர்ட்' செயலி தமிழிலேயே பேசுகிறது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 இருக்கிறது. இவையெல்லாம் துறையூர் வரைக்கும் வந்துவிடும். கடைசிச் சில கிலோமீட்டர், பாறை இடுக்கில் உட்கார்ந்து எண்ணெய் தேய்க்கும் குடும்பம் வரைக்கும் வருவதுதான் பாக்கி. ஈரக் கையோடு யாரும் செயலியைத் திறப்பதில்லை.

இதற்கு என்னிடம் உள்ள யோசனை மிகச் சின்னது. ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். குளிக்க வருபவர்களைக் கவனிக்கும் வனத்துறை ஊழியர் அங்கேயும் இருக்கிறார். அருவி வெள்ளையிலிருந்து காவி நிறத்துக்கு மாறுவதை முதலில் பார்ப்பவர் அவர்தான். அவர் நாமக்கல் வனக்கோட்டம். கீழே புளியஞ்சோலையில் ஊதல் ஊதி ஆள்களைக் கரையேற்ற வேண்டியவர் திருச்சி வனக்கோட்டம். சாலை வழியே ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் வர வேண்டுமானால் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, காரவள்ளி, நாமக்கல் என்று மலையைச் சுற்ற வேண்டும். தண்ணீருக்கு அந்தச் சுற்று கிடையாது. ஆடிப்பெருக்கன்று மேலே வல்வில் ஓரி விழாக் கூட்டம், கீழே பதினெட்டாம் பெருக்குக் கூட்டம், இரண்டும் ஒரே ஆற்றின் இரண்டு நுனியில் நிற்கும். அன்றைக்காவது மேலே இருப்பவரின் கைப்பேசியில் கீழே இருப்பவரின் எண் இருக்க வேண்டும். கீழே இருப்பவரின் கழுத்தில் ஊதல் தொங்க வேண்டும். அது ஊதினால் முதலில் டம்ளரோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் தூக்க வேண்டியவர் யார் என்பது, தண்ணீரில் கால் வைக்கும் முன்பே, புளிசாதத் தூக்கை இறக்கி வைக்கும்போதே, அந்த வீட்டாருக்குள் பேசி முடிவாகியிருக்க வேண்டும்.